தீர்ப்பைத் திருத்திய நீதிபதி

மே தினத்தன்று சிக்காகோ தியாகிகளுக்கு வீரவணக்கம் செலுத்துகிறோம். அந்தத் தியாகிகள் குற்றமற்றவர்கள் என்று அரசாங்க முத்திரையிட்டு அறிவித்த மனிதரை எத்தனை பேர் அறிவோம்? அவர் பெயர் ஜான் பீட்டர் ஆல்ட்கெல்ட்.

1847-இல் ஜெர்மன் மண்ணிலே ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். கைக்குழந்தையாக அமெரிக்கா வந்தார். பதினாறு வயதில் துப்பாக்கி தூக்கி, அடிமைத்தனத்தை ஒழித்த உள்நாட்டுப் போரில் வடபடையில் சேர்ந்தார். பிறகு இரயில் பாதை போடும் கூலி, பள்ளி ஆசிரியர், வழக்கறிஞர்! 1875-இல் சிக்காகோ வந்தார்.

எப்படிப்பட்ட நகரம் அது! 1871-இல் பெருந்தீயில் வெந்து கிடந்த நகரம். 1870-இல் மூன்று இலட்சம் மக்கள். 1890-இலோ பதினோரு இலட்சம்! இரும்பாலைகள், இறைச்சிக் கொட்டடிகள், இரயில் பட்டறைகள். மாடிமேல் மாடி எழுந்தது. அதன் நிழலிலே குடிசைமேல் குடிசையும் எழுந்தது. நிலம் வாங்கி, மாளிகை கட்டி ஆல்ட்கெல்ட்டும் செல்வரானார். செல்வம் சேர்ந்தது; கண் மட்டும் மறையவில்லை. அபராதம் கட்ட வக்கில்லாததால் சிறையில் வாடும் ஏழைகளைப் பார்த்தார். தண்டனை முறையே ஏழையைக் குற்றவாளியாக்குகிறது என்று 1884-இல் ஒரு நூல் எழுதினார்.

1886 மே முதல் நாள், எட்டு மணி நேர வேலை கேட்டுத் தொழிலாளர் திரண்டனர். மே 4, ஹேமார்க்கெட் கூட்டத்தில் எவனோ குண்டு வீசினான். காவலர் எழுவர் மாண்டனர், தொழிலாளரும் மாண்டனர். வீசியவன் யார் என்று கண்டுபிடிக்கப்படவேயில்லை. ஆயினும் எட்டுத் தலைவர்கள் கூண்டில் ஏற்றப்பட்டனர். எழுவருக்குத் தூக்கு, ஒருவருக்குப் பதினைந்து ஆண்டுச் சிறை. 1887 நவம்பர் 11-இல் நால்வர் தூக்கில் தொங்கினர். ஒருவர் அதற்கு முதல் நாளே சிறையில் மாண்டார். இருவருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது.

அப்போது ஆல்ட்கெல்ட் அதே நகரில் நீதிபதி. 1886 இறுதியில் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1891 வரை அந்த நாற்காலியில் இருந்தவர். தூக்குமேடையை எதிர்த்து அன்று அவர் மேடை ஏறவில்லை. ஆனால் மறக்கவுமில்லை. 1893-இல் இல்லினாய் மாநிலத்தின் கவர்னரானதும் வழக்குக் கட்டுகளை வரவழைத்தார். ஏடு ஏடாகப் படித்தார்.

எஞ்சிய மூவரை மன்னிக்கும்படி மனு வந்திருந்தது. பெரிய மனிதர்களும் கையெழுத்திட்ட மனு. கருணை காட்டினேன் என்று நான்கு வரி எழுதியிருந்தால் புகழ்மாலை விழுந்திருக்கும். ஆனால் கருணை குற்றவாளிக்குத்தானே வேண்டும்? குற்றமே செய்யாதவனுக்கு வேண்டியது நீதியல்லவா!

1893 சூன் 26. மூவரையும் விடுதலை செய்தார். கூடவே நீண்ட அறிக்கையும் வெளியிட்டார். ஜூரிகள் முறைப்படி பொறுக்கப்படவில்லை, குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை, விசாரித்த நீதிபதி நடுநிலை தவறினார் என்று சான்றுகளோடு எழுதினார். நீதிபதியாக இருந்தவரே நீதிமன்றத்தின் தவறைச் சந்திக்கு இழுத்தார்!

பணக்காரர்களின் ஏடுகள் சீறின. அராஜகவாதி என்றன, அந்நியன் என்றன. கொடும்பாவி கொளுத்தினர். அவர் அசையவில்லை. அதே ஆண்டில் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. பெண்களுக்கு எட்டு மணி வேலை என்றது அந்தச் சட்டம். அதைக் கண்காணிக்க ஃபுளாரன்ஸ் கெல்லி என்னும் பெண்மணியைத் தலைமை ஆய்வாளராக்கினார். 1895-இல் எட்டு மணி விதியை உச்ச மாநில நீதிமன்றம் செல்லாது என்றது. 1894-இல் புல்மன் இரயில் பெட்டித் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது, மாநிலம் கேட்காமலே சிக்காகோவுக்குப் படை அனுப்பினார் குடியரசுத் தலைவர் கிளீவ்லண்ட். மாநிலத்தின் உரிமையில் கைவைக்காதே என்று துணிந்து எதிர்த்தவர் ஆல்ட்கெல்ட்.

விலை என்ன? 1896 தேர்தலில் தோல்வி. ஆசையோடு கட்டிய மாளிகையும் கைவிட்டுப் போனது. ஆனாலும் வாய் மூடவில்லை. தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷ் ஏகாதிபத்தியத்தை எதிர்த்த போயர்களுக்காகப் பேசிய மேடையிலிருந்து இறங்கியவர், மறுநாள், 1902 மார்ச் 12-இல் மறைந்தார். வயது ஐம்பத்து நான்கு. அவர் உடலைக் காண ஆயிரமாயிரம் எளிய மக்கள் வரிசையில் நின்றனர்.

1923-இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினக் கூட்டம் நடத்தினாரே, அவர் நினைவூட்டிய தியாகத்தின் மீது சுமத்தப்பட்ட பழியைத் துடைத்த கை ஆல்ட்கெல்ட்டின் கை. பதவி கிடைத்தால் என்ன செய்வது என்று கேட்கும் தோழன் எவனும் அந்த மனிதரை நினைக்கட்டும். நாற்காலி நாலு நாள். நீதி நிலைத்து நிற்கும்!