மருந்து தந்தவரின் மனக்காயம்

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்கு வரும் லாரிகளின் இரைச்சலில் வளர்ந்தவன் நான். அந்த இரைச்சல் அடங்கிப்போன நாட்களை என் வாழ்வில் ஒரே ஒருமுறைதான் கண்டேன். அது 2020-ஆம் ஆண்டின் கொரோனா ஊரடங்குக் காலம். ஊரே வீட்டுக்குள் ஒடுங்கிக் கிடந்தபோது, எங்கள் வீட்டிலிருந்து ஒருவர் மட்டும் நாள் தவறாமல் வேலைக்குப் போய்வந்தார். அவர் என் அக்கா. அரசு மருத்துவமனை ஒன்றில் செவிலியர்.

நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு மாணவன். அந்த ஆண்டு மே, ஜூன் மாதங்களில் சென்னை மாநகராட்சியிலேயே நோய் மிகுதியாகப் பரவியது ராயபுரம் மண்டலத்தில்தான். கவச உடையை மாட்டிக்கொண்டால் பணி முடியும் வரை ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க இயலாது என்பார் அக்கா. வீடு திரும்பினால் மொட்டை மாடியில் தனியே படுத்துக்கொள்வார். 2021-இல் இரண்டாம் அலை வந்தது. ஒரு நோயாளி இறந்ததற்கு அக்காவின் கவனக்குறைவே காரணம் என்று பழி விழுந்தது. விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். பின்னர் அவர்மேல் தவறில்லை என்று முடிவாயிற்று. ஆனால், அன்று மறைந்த அவருடைய சிரிப்பு திரும்பிவர நெடுநாள் ஆயிற்று.

சென்ற ஆண்டு எங்கள் வரலாற்றுப் பேராசிரியர் 1897-ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டத்தைப் பற்றிப் பாடம் நடத்தினார். அந்தப் பாடத்தின் ஊடே ஒரு பெயர் வந்தது: வால்டெமார் ஹாஃப்கின். நூலகத்தில் அவர் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க என் கண்முன் நின்றது அக்காவின் முகமே. அதனால்தான் அவரைப் பற்றி இங்கே எழுதுகிறேன்.

ஹாஃப்கின் 1860-இல் ஒடெசா நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். யூதர் என்ற காரணத்தால் சொந்த மண்ணில் அவருக்கு உயர்பதவியின் கதவுகள் அடைபட்டன. பாரிஸ் சென்று, பாஸ்டர் நிறுவனத்தில் துணை நூலகர் வேலையில் சேர்ந்தார். நூல்களுக்கிடையே கிடைத்த நேரமெல்லாம் ஆராய்ச்சிக்கே போயிற்று. காலராவுக்குத் தடுப்பு மருந்து ஒன்றை உருவாக்கி, 1892-இல் அதை முதலில் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார்.

அடுத்த ஆண்டு இந்தியா வந்தார். கல்கத்தாவின் குடிசைப் பகுதிகளில் இந்திய மருத்துவர்களைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்றார். ஊசியைக் கண்டு அஞ்சிய மக்களில் கல்லெறிந்தவர்களும் உண்டு. அவர் கோபப்படவில்லை, பொறுமையாக எடுத்துச் சொன்னார். ஓய்வின்றி அலைந்த உடலை மலேரியா பற்றியது. 1895-இல் ஐரோப்பா திரும்பியவர், உடல் தேறியதும் மறு ஆண்டே மீண்டும் கப்பலேறினார்.

1896-இல் பம்பாயில் பிளேக் புகுந்தது. அரசு ஹாஃப்கினை அழைத்தது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் அவருக்குக் கிடைத்தவை ஒரு சிறிய அறையும் அதையொட்டிய நடைவழியும். உதவிக்கு ஓர் எழுத்தர், மூன்று சிப்பந்திகள். வெளியே நாள்தோறும் பிணங்கள். உள்ளே இரவு பகல் பாராத வேலை. மூன்று மாதங்களில் தடுப்பு மருந்து தயாராயிற்று. ஆனால், அதற்குள் உதவியாளர்களில் ஒருவர் மனம் குலைந்து படுத்துவிட்டார். வேறு இருவர் தாங்க முடியாமல் வேலையை விட்டுப் போய்விட்டனர்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். மருந்தின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. மனம் குலைந்த அந்த உதவியாளரின் பெயர் நான் படித்த எந்தப் பக்கத்திலும் இல்லை.

1897 ஜனவரி 10-ஆம் நாள், ஹாஃப்கின் அந்த மருந்தையும் முதலில் தமக்கே செலுத்திக்கொண்டார். காய்ச்சலையும் வலியையும் தாங்கினார். அம்மாத இறுதியில் பைகுல்லா சிறையில் நோய் பரவியது. விருப்பத்துடன் முன்வந்த 147 கைதிகளுக்கு ஊசி போட்டார். போட்டுக்கொள்ளாத 172 பேரில் 12 பேருக்கு நோய் வந்து 6 பேர் மாண்டனர். போட்டுக்கொண்டவர்களில் இருவருக்கே நோய் வந்தது, ஒருவரும் இறக்கவில்லை. ஊரெங்கும் மருந்துக்குத் தேவை பெருகியது. 1899-இல் பரேலில் இருந்த பழைய கவர்னர் மாளிகையே அவருடைய ஆய்வுக்கூடமாயிற்று.

புகழின் உச்சியில்தான் இடி விழுந்தது. 1902 அக்டோபர் 30 அன்று, பஞ்சாபில் முல்கோவால் என்ற கிராமத்தில் 107 பேருக்கு ஊசி போட்டார்கள். அவர்களில், ஒரே ஒரு புட்டியிலிருந்து மருந்து பெற்ற 19 பேர் வில்வாத ஜன்னி கண்டு இறந்தனர். மருந்தை விரைவாகவும் பெருமளவிலும் தயாரிப்பதற்காகக் கார்பாலிக் அமிலத்தை நீக்கிப் புதுமுறையைக் கையாண்டிருந்தார் ஹாஃப்கின். அதுவே காரணம் என்று விசாரணைக் குழு அவர்மேல் பழி சுமத்தியது. பதவி பறிபோயிற்று. அவர் இங்கிலாந்து சென்று நியாயம் கேட்டு நின்றார்.

உண்மை வேறாக இருந்தது. கிராமத்தில் புட்டியைத் திறந்தபோது இடுக்கி தரையில் விழுந்திருக்கிறது. அதைச் சரிவரத் தூய்மை செய்யாமலே அந்தப் புட்டியைத் திறக்கப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ரொனால்ட் ராஸ் உள்ளிட்ட அறிஞர்கள் 1907-இல் லண்டன் டைம்ஸ் இதழில் கடிதம் எழுதி வாதாடிய பிறகே அவர்மேல் விழுந்த பழி நீங்கியது. இடையே கழிந்தவை ஐந்து ஆண்டுகள்! பம்பாயில் அவருடைய இடத்தில் வேறொருவர் அமர்ந்திருந்தார். கல்கத்தாவில் பணியாற்றி 1914-இல் ஓய்வு பெற்றார். மணம் செய்துகொள்ளாத அம்மனிதர், 1930-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் மறைந்தார். அவர் நிறுவிய ஆய்வுக்கூடத்துக்கு 1925-இல் அவர் பெயரே சூட்டப்பட்டது. அந்த ஆண்டு வரை பம்பாயிலிருந்து சென்ற பிளேக் தடுப்பு மருந்து 2 கோடியே 60 லட்சம் அளவுகள்.

நண்பர்களே! கல்கத்தாவில் விழுந்த கற்கள் பழங்கதை என்று நாம் சொல்ல முடியாது. 2020 ஏப்ரலில், கொரோனாவால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் நம் சென்னையிலேயே கல்லெறிந்தார்கள். அதே மாதத்தில்தான், மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோருக்குக் கடுந்தண்டனை விதிக்க அந்தப் பழைய 1897 சட்டம் திருத்தப்பட்டது. கல்லெறியும் கையைச் சட்டம் தடுக்கலாம். களைத்துப்போன மனத்துக்கு ஆறுதல் சொல்லச் சட்டத்துக்குத் தெரியாது. அது நாம் செய்ய வேண்டிய வேலை.

நோய் தீர்ப்பவர்களைத் தெய்வம் என்று புகழ்ந்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறோம். தெய்வத்துக்குப் பசியில்லை, தூக்கமில்லை, அழுகையில்லை என்று எண்ணிவிடுகிறோம். அவர்கள் மனிதர்கள். ஆளுக்கு மிஞ்சிய வேலையைத் தலையில் ஏற்றிவிட்டு, தவறு எங்கோ நேர்ந்தால் அருகில் நின்றவரைப் பழிக்கும் வழக்கம் முல்கோவாலோடு முடிந்துவிடவில்லை. விசாரணை வேண்டியதுதான், ஆனால் தீர்ப்பு விசாரணைக்குப் பின்னே வரவேண்டும். தவறில்லை என்று தெரிந்தால், பழியைச் சொன்ன அதே குரலில் அதையும் ஊரறியச் சொல்லவேண்டும்.

ஹாஃப்கினின் கதையை ஓர் இரவு அக்காவிடம் சொன்னேன். முழுவதும் கேட்டார். தடுப்பு மருந்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மனம் குலைந்த அந்த உதவியாளர் பிறகு என்ன ஆனார் என்றுதான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பதிலாக, நான்கு ஆண்டுகளாகக் கேட்காமல் விட்ட கேள்வியை அன்று அக்காவிடம் கேட்டேன்: அந்த நாட்களில் அவர் எப்படி இருந்தார் என்று. விடியும் வரை பேசினார். வெளியே லாரிகள் ஓடத் தொடங்கியிருந்தன.