ஆவியின் அடர்த்தியில் மூலக்கூறை எடைபோட்ட பி.சி. ராய்

இந்திய வேதியியலின் முன்னோடியான ஆச்சார்ய பிரபுல்ல சந்திர ராய், 1861 ஆகஸ்ட் 2 அன்று இன்றைய வங்கதேசத்தின் குல்னா பகுதியில் பிறந்தார். எடின்பரோவில் பயின்று, 1889-இல் கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ஆசிரியரானார்.

அம்மோனியம் நைட்ரைட்டின் ஆவி அடர்த்தியை அளந்து 1912-இல் லண்டனில் அறிவித்தது அவரது அரிய சாதனை. ஒரே வெப்ப, அழுத்த நிலையில் சம பருமனுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கை மூலக்கூறுகள் உண்டு என்பது அவகாட்ரோ விதி. எனவே, ஹைட்ரஜனோடு ஒப்பிட்ட ஆவி அடர்த்தியை இரட்டித்தால் மூலக்கூறு எடை கிடைக்கும். ஆனால், இந்த உப்போ சூடேறினால் நைட்ரஜனும் நீருமாகப் பிரிந்துவிடும். பிரிந்தால் அடர்த்தி குறைந்து கணக்கே பொய்த்துவிடும். அதன் ஒரு மோல் 64 கிராம் என்று பள்ளி மாணவர்கள் இன்று நொடியில் கணக்கிடுகின்றனர்.

60 வயதுக்குப் பின் தமது ஊதியத்தைக் கொல்கத்தா பல்கலைக்கழகத்துக்கே அளித்துவிட்டு, அறிவியல் கல்லூரியின் ஓர் அறையில் வாழ்ந்த ராய், 1944 ஜூன் 16 அன்று காலமானார்.