புரவி தேடி எல்லை கடந்த கால்நடை மருத்துவர்

தலைநகர் தில்லியில் பூசா என்றதும் கோதுமை ரகங்களும் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனமும் நினைவுக்கு வரும். நிறுவனத்துக்கு நிதி அளித்த அமெரிக்கர் ஹென்றி ஃபிப்ஸின் பெயரையும் அவரது நாட்டின் பெயரையும் சுருக்கியே பூசா என்று வைத்தனர் என ஒரு கதை நெடுநாளாக வழங்கி வருகிறது. அது உண்மையன்று. பூசா என்பது பிகாரில், இன்றைய சமஸ்திபூர் மாவட்டத்தில் உள்ள ஓர் ஊர். அங்கு 1905-ல் தொடங்கப்பட்ட ஆராய்ச்சி நிறுவனம், 1934-ம் ஆண்டு நிலநடுக்கத்தில் சிதைந்தபின், 1936-ல் தில்லிக்கு மாற்றப்பட்டது. ஊரின் பெயரும் உடன் வந்தது.

1839-ல் ஃபிப்ஸ் பிறப்பதற்கு முன்பே அவ்வூரின் பெயர் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்களில் இடம்பெற்றுவிட்டது. கம்பெனி அங்கு நடத்தியது குதிரைப் பண்ணை. அதன் கண்காணிப்பாளராக 1808-ல் பொறுப்பேற்றவர் வில்லியம் மூர்கிராஃப்ட்.

இங்கிலாந்தின் லங்காஷயரில் 1767-ல் பிறந்த மூர்கிராஃப்ட், லிவர்பூலில் அறுவை மருத்துவம் பயின்றவர். அப்பகுதியில் கால்நடைகளிடையே பரவிய கொள்ளைநோய் அவரது வாழ்க்கையைத் திசைதிருப்பியது. மனிதர்க்கு மருத்துவம் செய்யும் தொழிலைக் கைவிட்டு விலங்குகளுக்கு மருத்துவம் செய்யப் போவதென்றால், அன்றைய சமூகத்தில் படியிறங்குவதாகவே பொருள். குதிரைகளுக்குச் சிகிச்சை அளிப்பது லாடம் அடிப்பவர்களின் வேலை என்று கருதப்பட்ட காலம் அது. நண்பர்கள் தடுத்தனர். பெயர்பெற்ற அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர் மட்டும் அவரது முடிவை ஊக்குவித்தார்.

உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி பிரான்சின் லியோன் நகரில் இயங்கி வந்தது. புரட்சி கொந்தளித்துக்கொண்டிருந்த அந்த நாட்டுக்குச் சென்று பயின்று திரும்பினார் மூர்கிராஃப்ட். முறையான கல்வி பெற்ற முதல் ஆங்கிலேயக் கால்நடை மருத்துவர் அவரே. லண்டனில் தொழில் செழித்தது. ஆயின் இயந்திரத்தால் குதிரை லாடம் செய்யும் முயற்சியில் பெரும்பொருளை இழந்தார். லண்டன் கால்நடை மருத்துவக் கல்லூரியில் கிடைத்த பேராசிரியர் பதவியிலும் அவர் நிலைக்கவில்லை.

பூசா பண்ணையின் நோக்கம் எளிது. கம்பெனியின் குதிரைப் படைக்கும் பீரங்கிப் படைக்கும் வலுவான குதிரைகள் வேண்டும். படையெடுத்து நாடு பிடிக்கும் ஓர் அரசுக்கு அன்று குதிரையே வாகனம், விரைவு, வலிமை எல்லாம். ஆனால் பண்ணையில் பிறந்த குதிரைகள் மெலிந்தும் நோயுற்றும் இருந்தன. மூர்கிராஃப்ட் தகுதியற்றவற்றைக் கழித்தார். தீவனத்துக்காக ஓட்ஸ் பயிரிட்டார். நோய்கள் குறைந்தன. எனினும் உயர்ந்த இனக் குதிரைகள் வெளியிலிருந்து வந்தாலன்றிப் பயனில்லை என்பது அவரது முடிவு. 1811-ல் வட இந்தியாவில் தேடி அலைந்தும் மனநிறைவு தரும் பொலிகுதிரைகள் கிட்டவில்லை. அவரது பார்வை மத்திய ஆசியாவின் புகாரா மீது சென்றது.

அடுத்த ஆண்டு அவர் மேற்கொண்ட பயணம் கம்பெனி அலுவலர் ஒருவருக்கு உரியதன்று. ஹைதர் ஹியர்சி என்ற துணைவருடன், இந்து யாத்திரிகரான கோசாயிகளைப் போல் உடை தரித்து, நீதி கணவாயைக் கடந்து திபெத்துக்குள் நுழைந்தார். மானசரோவரைக் கண்டார். குதிரை கிடைக்கவில்லை, காஷ்மீர சால்வைக்கு உயிர்நாடியான மென்மயிர் தரும் ஆடுகள் கிடைத்தன. திரும்பும் வழியில், அன்று குமாவுனை ஆண்ட கூர்க்கர்கள் அவரைப் பிடித்துக் காவலில் வைத்துப் பின்னர் விடுவித்தனர்.

இப்பயணத்தில் வரலாறு அதிகம் பேசாத ஒருவர் உண்டு. ஹர்க் தேவ் என்ற பண்டிதர், ஒவ்வோர் அடியையும் ஒரே அளவாக எடுத்துவைத்து, வழிநெடுகிலும் நடந்தே தூரத்தை அளந்தார். நைன் சிங் முதலியோர் இதே முறையில் திபெத்தை அளந்து புகழ்பெற்றது அரை நூற்றாண்டுக்குப் பின்னரே. அதே 1812-ல் மீர் இஸ்ஸத்துல்லா என்பவரை மூர்கிராஃப்ட் புகாராவுக்கு முன்னோட்டமாக அனுப்பினார். லடாக், யார்கண்ட் வழியாக அவர் சென்று வந்து எழுதிய குறிப்புகளே பின்னாளில் மூர்கிராஃப்டுக்கு வழிகாட்டின. வெள்ளையர் கண்டறிந்ததாகக் கூறப்படும் பாதைகள் பலவற்றில் முதலில் பதிந்தவை இந்தியர்களின் காலடிகளே.

1819-ல் புறப்பட்ட நெடும்பயணம் அவரது வாழ்வையே விழுங்கியது. குதிரை வாங்குவதே அதன் அறிவிக்கப்பட்ட காரணம். 1820-ல் லாகூரில் மகாராஜா ரஞ்சித் சிங்கைச் சந்தித்தார். பின் லே நகரை அடைந்து இரண்டாண்டுகள் தங்கினார். ரஷ்யா இப்பகுதியில் வணிகத்தின் பெயரால் கால் ஊன்றப் பார்க்கிறது என்ற ஐயம் அவரை விடவில்லை. 1821-ல், மேலிடத்தின் அனுமதியின்றியே, லடாக் ஆட்சியாளர்களுடன் வணிக உடன்பாடு ஒன்றைச் செய்துகொண்டார். லடாக்கோ கம்பெனியின் பாதுகாப்பையும் நாடியது. ரஞ்சித் சிங்கின் நட்பை இழக்க விரும்பாத கம்பெனி அரசு, உடன்பாட்டை ஏற்க மறுத்ததுடன் அவரிடம் வருத்தமும் தெரிவித்தது. மூர்கிராஃப்ட் கண்டிக்கப்பட்டார். 1834-ல் ஜம்முவின் குலாப் சிங்குடைய தளபதி ஜோராவர் சிங் லடாக் மீது படையெடுத்தபோது அந்நாட்டுக்குத் துணை வர எவருமில்லை. ஒரு கால்நடை மருத்துவர் போட்ட கையெழுத்துக்கு மதிப்பளித்திருந்தால் லடாக் தப்பியிருக்கும் என்று சொல்ல இயலாது. ஆனால் வல்லரசுகளின் கணக்கில் சிறு நாடுகள் எங்கு நிற்கின்றன என்பதை லடாக் அறிந்துகொண்டது.

சென்ற இடமெங்கும் அவர் மனிதர்களுக்கும் மருத்துவம் பார்த்தார். கண்புரை நீக்கிக்கொள்ளப் பலர் திரண்டனர். ஹங்கேரி நாட்டு அறிஞர் சோமா டி கோரோஸை 1822-ல் சந்தித்து, திபெத்திய மொழியைக் கற்குமாறு தூண்டி உதவியவரும் அவரே. சோமாவின் திபெத்திய அகராதி 1834-ல் வெளிவந்தது. காஷ்மீரில் தங்கியபோது சால்வை நெசவின் ஒவ்வொரு நிலையையும் எழுதிவைத்தார். சால்வையின் மதிப்பில் நூற்றுக்கு 26 பங்கு வரியாகப் பறிக்கப்பட்டதையும், உலகம் விரும்பும் துணியை நெய்தவர்கள் வறுமையில் உழன்றதையும் அக்குறிப்புகள் காட்டுகின்றன.

ஆப்கானிஸ்தானத்தில் குந்தூஸ் தலைவர் முராத் பேக் அவரைத் தடுத்துவைத்துப் பொருள் பறித்தார். ஒருவாறு தப்பி 1825 பிப்ரவரியில் புகாராவை அடைந்தபோது, அங்கு உள்நாட்டுக் கலகம். அவர் கனவு கண்ட குதிரைகள் சந்தையில் இல்லை. திரும்பும் வழியில், குதிரை கிடைக்கும் என்ற செய்தியை நம்பி அந்த்கோய் என்ற ஊருக்குச் சென்றவர், 1825 ஆகஸ்டில் காய்ச்சலால் மாண்டார். உடன்வந்த கத்ரியும் டிரெபெக்கும் அடுத்தடுத்து இறந்தனர். பால்க் நகரில் அவரது கல்லறையை 1832-ல் அலெக்சாண்டர் பர்ன்ஸ் கண்டார்.

மூர்கிராஃப்ட் சாகவில்லை, லாசாவில் பன்னிரண்டு ஆண்டுகள் மறைந்து வாழ்ந்தார் என்றொரு கதையைப் பிரெஞ்சுப் பாதிரியார் ஹூக் பின்னர் கேட்டு எழுதினார். வரலாற்றாசிரியர்கள் அதனை ஏற்பதில்லை. சிதறிய நாட்குறிப்புகளைத் தொகுத்து எச்.எச். வில்சன் 1841-ல் இரு தொகுதிகளாக வெளியிட்டார். பூசா குதிரைப் பண்ணை 1874-ல் மூடப்பட்டது.