தாயின் பங்கைக் கண்டவர்

பத்து மாதம் சுமந்து பெற்றவள் தாய். ஆனால், குழந்தையின் உருவத்துக்கும் உயிருக்கும் காரணம் தந்தை மட்டுமே என்று மேல்நாட்டு அறிஞர் பலர் இரண்டாயிரம் ஆண்டுகளாக நம்பி வந்தனர். தாய் வெறும் நிலம்; தந்தையே விதை. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் காலத்துக் கருத்து இது.

அந்த நம்பிக்கையை ஒரு சின்னஞ்சிறு மஞ்சள் புள்ளி தகர்த்தது. 1827-ம் ஆண்டில் அந்தப் புள்ளியைக் கண்டவர், கருவியலின் தந்தை என்று போற்றப்படும் கார்ல் எர்ன்ஸ்ட் வான் பேயர்.

அகப்படாத முட்டை

பேயருக்கு முன்பே பலர் தேடித் தோற்றிருந்தார்கள். ரத்த ஓட்டத்தைக் கண்டுபிடித்த இங்கிலாந்து வைத்தியர் வில்லியம் ஹார்வி, மன்னரின் காட்டுப் பெண் மான்களை அறுத்து ஆராய்ந்தார். மான்கள் இணை சேர்ந்து பல நாள் ஆன பிறகும் கருப்பையில் ஒன்றும் தென்படவில்லை. ஆயினும், உயிர்கள் யாவும் முட்டையிலிருந்தே தோன்றுகின்றன என்ற கருத்தை 1651-ல் வெளியிட்ட நூலில் வற்புறுத்தினார்.

1672-ல் ஹாலந்து நாட்டு டி கிராஃப், பெண்ணின் சினைப்பையில் உள்ள நீர்க்கொப்புளங்களைக் கண்டு, அவையே முட்டைகள் என்று கருதினார். அங்கேயும் ஒரு சிக்கல். கொப்புளம் பெரியது, சினைக்குழாயில் பின்னர் காணப்படும் கருவோ அதைவிட மிகச் சிறியது. பெரியது எப்படிச் சிறியதாகும்?

1677-ல் லீவன்ஹூக் விந்தணுக்களைக் கண்டார். உடனே கற்பனை சிறகு விரித்தது. விந்தணுவின் தலைக்குள் குட்டி மனிதன் ஒருவன் கைகால் மடக்கி அமர்ந்திருப்பதாகப் படமே போட்டுவிட்டார்கள்!

போர்க்களம் தந்த பாடம்

பேயர் 1792-ம் ஆண்டு பிப்ரவரியில், அன்று ரஷ்யப் பேரரசில் அடங்கியிருந்த எஸ்டோனியாவில், பிரபுக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். வீட்டில் பிள்ளைகள் பலர். எனவே, தந்தையின் உடன்பிறந்தவரான, குழந்தையில்லாத ஒருவர் வீட்டில் சிறிது காலம் வளர்ந்தார்.

டார்ப்பாட் சர்வகலாசாலையில் வைத்தியம் படித்துக் கொண்டிருந்தபோது நெப்போலியனின் படையெடுப்பு வந்தது. 1812-ல் ரீகா நகரில் காயம்பட்ட வீரர்களுக்குச் சிகிச்சை செய்யச் சென்ற பேயர், தாமே விஷக் காய்ச்சலில் விழுந்தார். பிழைத்தெழுந்தார், 1814-ல் பட்டமும் பெற்றார். ஆனால் அன்றைய வைத்திய முறையில் நம்பிக்கை குறைந்து போயிற்று. மருந்து கொடுப்பதை விட, உடல் எப்படி உருவாகிறது என்று அறிவதிலேயே மனம் சென்றது.

ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் டாலிங்கர் என்ற ஆசிரியரிடம் சேர்ந்தார். அடைகாத்த கோழிமுட்டைகளைத் திறந்து, கரு வளரும் விதத்தை ஆராய வேண்டும் என்பது டாலிங்கரின் ஆசை. அதற்கு ஆயிரக்கணக்கில் முட்டை வேண்டும்; படம் வரையக் கலைஞர் வேண்டும். பேயரிடம் அவ்வளவு பணம் இல்லை. வசதி படைத்த நண்பர் பாண்டரை அந்த வேலையில் ஈடுபடுத்தினார். பாண்டர் தொடங்கியதைப் பிற்பாடு பேயரே விரிவாகச் செய்து முடித்தார்.

நாய் தந்த விடை

1817-ல் கோனிக்ஸ்பர்க் நகரில் பேராசிரியர் புர்டாக்கின் கீழ் பேயருக்கு வேலை கிடைத்தது. அங்கேதான் முட்டையைத் தேடும் ஆராய்ச்சி நடந்தது.

பேயர் பின்னோக்கி நடந்தார். கருப்பையில் வளர்ந்த கருவைப் பார்த்தார். அதற்கும் இளைய கருவைத் தேடினார். பிறகு சினைக்குழாயில் இருந்த மிகச் சிறிய கருவைக் கண்டார். அப்படியானால் அது புறப்பட்ட இடம் எது? சினைப்பைதான் மிச்சம்.

1827-ம் ஆண்டு வசந்த காலத்தில், புர்டாக் வீட்டிலிருந்த நாய் ஒன்று சில நாட்களுக்கு முன் இணை சேர்ந்திருந்தது. அந்த நாய் ஆராய்ச்சிக்குப் பலியாயிற்று. சினைப்பையை உற்று நோக்கியபோது, கொப்புளத்தின் உள்ளே ஒரு மஞ்சள் புள்ளி வெறும் கண்ணுக்கே தெரிந்தது. கொப்புளத்தைத் திறந்து, புள்ளியை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். இடி விழுந்தவர் போலப் பின்வாங்கினார். கண்டது பொய்யாகி விடுமோ என்ற பயத்தில், சற்று இளைப்பாறிய பிறகே மறுபடி பார்க்கத் துணிந்தார்.

கொப்புளம் முட்டையல்ல, முட்டையின் வீடு! டி கிராஃபின் சிக்கல் அன்றே அவிழ்ந்தது. மனித முட்டையும் அப்படித்தான். அதன் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு.

கரு வளரும் கதை

1828-ல் வெளிவந்த நூலில், கரு எப்படி வளர்கிறது என்பதை விளக்கினார். குட்டி மனிதன் எவனும் உள்ளே இல்லை. முதலில் மெல்லிய ஏடுகள் உண்டாகின்றன. அவற்றிலிருந்தே உறுப்புகள் பிறக்கின்றன. ஒரு முறை, ஸ்பிரிட்டில் போட்டு வைத்த இரண்டு கருக்களுக்குப் பெயர்ச் சீட்டு ஒட்ட மறந்துவிட்டார். அவை பல்லியா, பறவையா, பாலூட்டியா என்று அவராலேயே சொல்ல முடியவில்லை! பொதுவான வடிவம் முதலில் தோன்றும், தனி அடையாளம் பிறகே வரும் என்ற அவரது விதிக்கு அது நல்ல சான்றாயிற்று.

இன்று நாம் அறிந்தது இது: கருவுற்ற முட்டை சினைக்குழாயிலேயே பிளந்து பெருகத் தொடங்கி, ஒரு வார அளவில் கருப்பையில் பதிகிறது. மூன்றாம் வாரத்தில் மூன்று ஏடுகள் அமைகின்றன. மேல் ஏடு தோலும் மூளையும் ஆகிறது. நடு ஏடு எலும்பு, தசை, இருதயம் ஆகிறது. உள் ஏடு குடலின் உட்பூச்சாகிறது. ஏறக்குறைய 22-ம் நாளில் இருதயம் துடிக்கத் தொடங்குகிறது. எட்டு வாரம் முடியும்போது முக்கிய உறுப்புகள் யாவற்றுக்கும் அடித்தளம் விழுந்துவிடுகிறது. ஐந்தாம் மாத வாக்கில் தாய் அசைவை உணர்கிறாள். கடைசி மாதவிலக்கிலிருந்து 280 நாள் என்பது பிரசவக் கணக்கு.

மௌனமும் வயலும்

இத்தனை பெரிய கண்டுபிடிப்புக்குக் கிடைத்த வரவேற்பு என்ன? மௌனம்தான். 1828-ல் பெர்லினில் விஞ்ஞானிகள் மாநாடு கூடியது. நாட்கள் கழிந்தன, முட்டையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் சுவீடன் நாட்டு ரெட்சியஸ் கேட்ட பிறகே செய்து காட்டினார். பேயரின் மனம் புண்பட்டது.

ஆயினும் உழைப்பு ஓயவில்லை. ஒரு சமயம், வெளியே பனி கிடந்தபோது வீட்டுக்குள் நுழைந்தவர், ஆராய்ச்சியிலேயே மூழ்கிவிட்டார். பிறகு ஒரு நாள் ஊர்ப்புறம் நடந்தபோது, தானியப் பயிர் கதிர் விட்டு நிற்பதைக் கண்டு திடுக்கிட்டார். வசந்தம் வந்து போனதே தெரியவில்லை! வேதனை தாளாமல் தரையில் விழுந்தார். இயற்கையின் உண்மைகளை இன்று தாம் காணாவிட்டால் நாளை வேறொருவர் காண்பார். போன வாழ்நாளோ திரும்பி வராது என்று அப்போது உணர்ந்தார்.

1834-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் விஞ்ஞானக் கழகத்துக்குச் சென்றார். வட துருவத் தீவுகளில் பயணம் செய்தார். காஸ்பியன் கடலின் மீன் வளத்தை ஆராய்ந்தார். 1867-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் பெற்றார்.

தாயின் பங்கைக் கண்ட இந்த மேதை, தந்தையின் பங்கைத் தவறவிட்டார் என்பதுதான் வேடிக்கை. விந்தணுக்களை ஒட்டுண்ணிகள் என்று எண்ணியே அவற்றுக்கு விஞ்ஞானப் பெயர் சூட்டினார்!

1876 நவம்பரில், 84-ம் வயதில், தாம் படித்த டார்ப்பாட் நகரிலேயே காலமானார். அதே 1876-ல் ஜெர்மனியின் ஆஸ்கார் ஹெர்ட்விக், கடல் முள்ளெலியின் முட்டைக்கருவும் விந்தணுக்கருவும் ஒன்றாகக் கலப்பதைக் கண்டு வெளியிட்டார். நிலம், விதை என்ற பழைய பேச்சு அத்துடன் ஒழிந்தது. பிள்ளையின் பிறப்பில் தாய்க்குப் பாதி, தந்தைக்குப் பாதி என்று விஞ்ஞானம் கணக்குத் தீர்த்தது. அந்தக் கணக்கில் முதல் பாதியை எழுதியவர் பேயர்.