முதற் காரியம் எது?
விபுலானந்த அடிகளார் வாழ்வு காட்டும் வழி

பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை என்று மலையிறங்கிச் செல்லும் வீதி செங்கலடியைச் சேர்கிறது. அங்கிருந்து மட்டக்களப்பு கிட்டத்தான். மட்டக்களப்புக்குத் தெற்கே கடலோரக் கிராமமாகிய காரைதீவில், 1892ஆம் ஆண்டில், சாமித்தம்பி கண்ணம்மை தம்பதியருக்குப் புதல்வராய்ப் பிறந்தவர் மயில்வாகனம். அவரே பின்னாளில் விபுலானந்த அடிகளாராய் விளங்கினார்.

அடிகளாரின் புலமையைப் போற்றாதவர் இல்லை. ஆயினும், எதை முதலில் வைப்பது, எதை விட்டுவிடுவது என்று தெளிந்து வாழ்ந்த அவரது உறுதியே நம் இளைஞர்கள் சிந்திக்கவேண்டியது.

1908இல், பதினாறு வயதில், கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறினார். ஆசிரியத் தொழிலில் அமர்ந்தார். அத்துடன் நின்றிருக்கலாம்; அக்காலத்தில் அதுவே கௌரவமான உத்தியோகம். அவரோ கொழும்பு சென்று ஆசிரியப் பயிற்சி பெற்றார். பின்பு விஞ்ஞானம் பயின்று 1916இல் டிப்ளோமா பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பரீட்சையிலும் சித்தியெய்தினார். 1917இல் யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். அங்கு கற்பித்துக்கொண்டே தாமும் கற்று, 1920இல் லண்டன் பல்கலைக்கழக பி.எஸ்ஸி. பட்டதாரியானார்.

1908 முதல் 1920 வரை பன்னிரண்டு ஆண்டுகள்! நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு கொழும்புக் கடைகளுக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். லயத்து வீட்டின் கஷ்டம் அப்படி; அதைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் உழைக்கப் போவது வேறு. எண்ணிய குறிக்கோளைக் கைவிடுவது வேறு. உழைத்துக்கொண்டே படிப்பது தாமதமான வழியேயன்றி அடைபட்ட வழியன்று என்பதற்கு மயில்வாகனனாரே சாட்சி.

பட்டம் பெற்றபின் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார். பதவியும் புகழும் தேடிவந்த அந்த வேளையில், 1922இல், அனைத்தையும் துறந்து சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். 1924இல் துறவு பூண்டு விபுலானந்தர் என்னும் நாமம் பெற்றார். இலங்கை திரும்பியதும், துறவை ஓய்வாகக் கொள்ளாமல், இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளை வளர்ப்பதில் ஈடுபட்டார். 1929இல் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியர் பதவி வந்தது. ஏற்றார், செவ்வனே செய்தார், 1933இல் அதையும் விட்டு மிஷன் பணிக்கே திரும்பினார். பின்னர் இமயச் சாரலில் மாயாவதியிலிருந்து பிரபுத்த பாரத இதழை நடத்தினார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியரானார். பதவிகள் வந்தன, போயின. கல்விப் பணியும் தமிழ்ப் பணியும் மாத்திரம் மாறவில்லை.

இத்தனை அலுவல்களுக்கும் நடுவே, மறைந்துபோன பழந்தமிழ் யாழைப் பற்றிய ஆராய்ச்சியைப் பல்லாண்டுகள் விடாது நடத்தினார். சிலப்பதிகாரம் முதலிய நூல்களில் கிடைத்த குறிப்புகளைக் கணிதத்தாலும் ஒலியியலாலும் ஆய்ந்து யாழ்நூலை ஆக்கினார். இளமையில் படித்த விஞ்ஞானம் வீண்போகவில்லை. குறிக்கோள் ஒன்றாயிருந்தால், கற்றவையெல்லாம் ஒருநாள் அதற்கே வந்து துணைநிற்கும்.

அதற்கு விலையும் உண்டு. இல்லற வாழ்வை அவர் துறந்தார். இறுதிக் காலத்தில் நோயும் வாட்டியது. 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர் ஆலயத்தில் யாழ்நூல் அரங்கேறியது. ஜூலை 19இல், ஐம்பத்தைந்தாம் வயதில், அடிகளார் மறைந்தார். எடுத்த காரியத்தை முடித்துவிட்டே சென்றார்.

இளைஞர்களே! துறவு எல்லோருக்கும் உரியதன்று. தெளிவு எல்லோருக்கும் வேண்டியது. என் முதற் காரியம் எது, அதற்காக நான் எதை விடத் தயார் என்று ஒரு கொப்பியில் எழுதிப் பாருங்கள். பிறக்கும் ஒவ்வொரு மாதமும் அதைத் திருப்பிப் படியுங்கள்.

பெரியோர்களே! பிள்ளை என்ன சம்பாதிப்பான் என்று கேட்குமுன், என்னவாக விரும்புகிறான் என்றும் ஒருமுறை கேளுங்கள். கேட்டபின், அவனுக்குப் படிக்க மாலையில் ஒருமணி நேரமும் ஒரு விளக்கும் ஒதுக்கிக் கொடுங்கள்.

மட்டக்களப்புக்குப் போகிறவர்கள் கல்லடி உப்போடையில் அடிகளாரின் சமாதியைத் தரிசித்து வாருங்கள்.