கைவிளக்கேந்திய காரிகை எழுதிய கணக்கு



நம் கூட்டமைப்பின் மலரில் ஒரு சாதனைப் பெண்ணைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். நான் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை எடுத்துக்கொண்டேன். கைவிளக்கேந்திய காரிகை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். ஆஸ்பத்திரி சுவரில் விளக்கோடு நிற்கும் படத்தையும் பார்த்திருப்போம். எனக்கும் அவ்வளவுதான் தெரியும். என் நாத்தனார் மகள் நர்சிங் படிக்கிறாள். அவள் புத்தகத்தை வாங்கிப் படித்து, புரியாததை அவளிடமே கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். விளக்கைவிட அந்த அம்மா எழுதின கணக்குதான் அதிக உயிரைக் காப்பாத்தியிருக்கு. அதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

அவர் 1820 மே 12-ல் இத்தாலி நாட்டில் பிளாரன்ஸ் நகரத்தில் பிறந்தார். ஊர்ப் பெயரையே பிள்ளைக்கு வைத்துவிட்டார்கள். பெற்றோர் இங்கிலாந்தைச் சேர்ந்த பெரிய பணக்காரர்கள். அப்பாவே வீட்டில் வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார். பிளாரன்சுக்குக் கணக்கின் மேல் தனிப் பிரியம். 17 வயது நிறையும் முன்பே கடவுள் தன்னை ஒரு சேவைக்கு அழைப்பதாக அவர் மனதில் பட்டது. நோயாளிகளைப் பார்ப்பதுதான் அந்தச் சேவை என்று பிறகு முடிவு செய்தார்.

வீட்டில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் காலத்தில் அங்கே நர்ஸ் வேலைக்கு மரியாதையே கிடையாது. முறையான பயிற்சியும் இல்லை. வேறு பிழைப்பு இல்லாதவர்கள் போகிற வேலை, குடிக்கிறவர்கள் செய்கிற வேலை என்றுதான் ஊரே பேசும். 1845-ல் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் வேலை பழகக் கேட்டபோது பெற்றோர் விடவில்லை. நல்ல இடத்து மாப்பிள்ளை கேட்டு வந்தும் கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டார். கடைசியில் 1851-ல்தான் ஜெர்மனியில் கைசர்ஸ்வெர்த் என்ற ஊரில் மூன்று மாதம் பயிற்சி எடுத்தார். அப்போது அவருக்கு 31 வயது. ஆசைப்பட்ட வேலையின் வாசலை மிதிக்க 14 வருஷம் ஆகியிருக்கு பாருங்க.

இதைப் படிக்கும்போது எங்க வீட்டில் நடந்ததுதான் ஞாபகம் வந்தது. நாத்தனார் மகள் நர்சிங் என்றதும், ராத்திரி டியூட்டி பார்க்கிற பொண்ணை யார் கட்டுவாங்க என்று சொந்தக்காரங்க கேட்டாங்க. நாங்க குழுவில் கடன் எடுத்து முதல் வருஷ பீஸ் கட்டினோம்.

1854-ல் ரஷ்யாவோடு கிரிமியாப் போர் நடந்தது. அடிபட்ட இங்கிலாந்து சிப்பாய்களைத் துருக்கியில் ஸ்குடாரி என்ற இடத்து ஆஸ்பத்திரிக்குக் கப்பலில் கொண்டு வந்தார்கள். அரசாங்கம் கேட்டுக்கொண்டதால் பிளாரன்ஸ் 38 பெண்களோடு நவம்பர் 4-ல் அங்கே போய்ச் சேர்ந்தார். ஒரே அழுக்கு, எலி, பேன். மாற்றுத் துணி இல்லை, சோப்பு இல்லை. முதலில் டாக்டர்கள் இந்தப் பெண்களை நோயாளி பக்கத்திலேயே விடவில்லை. பிளாரன்ஸ் சண்டை போடாமல் கூப்பிடும் வரை காத்திருந்தார். காயம்பட்டவர்கள் கூட்டம் கூட்டமாக வந்ததும் டாக்டர்களே கூப்பிட்டார்கள். அதன் பிறகு துணி வெளுக்க ஏற்பாடு, நோயாளிக்கு ஏற்ற சாப்பாடு, ராத்திரியில் விளக்கோடு சுற்றி வருவது என்று ஓய்வில்லாமல் உழைத்தார்.

ஆனாலும் சாவு நிற்கவில்லை. அந்தக் குளிர்காலத்தில் மட்டும் சுமார் 4,000 சிப்பாய்கள் அங்கே இறந்தார்கள். குண்டுக் காயத்தால் போனவர்களைவிட காலரா, சீதபேதி, விஷக்காய்ச்சலால் போனவர்களே அதிகம். 1855 பிப்ரவரியில் 100-க்கு 42 பேர் என்ற கணக்கில் இறந்தார்கள். மார்ச்சில் லண்டனிலிருந்து சுகாதாரக் குழு வந்தது. கட்டடத்துக்கு அடியில் அடைத்துக் கிடந்த சாக்கடையைச் சுத்தம் செய்து, குடிதண்ணீரைச் சரிசெய்து, காற்று வர வழி செய்தார்கள். ஜூனில் சாவு 100-க்கு 2 ஆகக் குறைந்தது.

1856-ல் ஊர் திரும்பியபோது நாடே அவரைக் கொண்டாடக் காத்திருந்தது. அவர் வேறு பெயரில் யாருக்கும் தெரியாமல் வீடு வந்து சேர்ந்தார். பிறகு வில்லியம் பார் என்ற புள்ளிவிவர நிபுணரோடு உட்கார்ந்து, மாசா மாசம் எத்தனை பேர், எதனால் இறந்தார்கள் என்று கணக்குப் போட்டார். தன் கண் முன்னாலேயே அத்தனை பேரைக் கொன்றது காயமல்ல, சாக்கடையும் நெரிசலும்தான் என்று அப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது. ராத்திரி பகலாகத் தான் உழைத்த இடமாச்சே என்று அவர் அதை மூடி மறைக்கவில்லை. எல்லாருக்கும் புரிகிற மாதிரி வட்டப் படமாக வரைந்து, கலர் அடித்து, அரசாங்கத்தின் முன்னால் வைத்தார். பட்டாளத்து ஆஸ்பத்திரிகள் மாற அந்தப் படம் ஒரு காரணம். 1858-ல் லண்டன் புள்ளிவிவரச் சங்கம் அவரை உறுப்பினராகச் சேர்த்தது. அதில் சேர்ந்த முதல் பெண் அவர்தான்.

1859-ல் நோயாளியைக் கவனிப்பது பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதை நர்சுகளுக்காக எழுதவில்லை, நம்மைப் போல வீட்டில் இருக்கிற பெண்களுக்காக எழுதினார். ஜன்னலைத் திறந்து வைக்கணும், கையை அடிக்கடி கழுவணும், நோயாளி காதுபட குசுகுசு என்று பேசக்கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. 1860-ல் மக்கள் திரட்டிக் கொடுத்த நிதியில் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் நர்சிங் பள்ளி தொடங்கினார். படிக்கிற பெண்களுக்குத் தங்க இடம், சாப்பாடு, உடுப்பு, கையில் கொஞ்சம் பணமும் உண்டு. மரியாதை இல்லாத வேலை, படித்துச் செய்கிற தொழிலாக மாறியது இப்படித்தான்.

அவர் தொடங்கிய இன்னொன்று தோற்றும் போனது. கிராமத்துக்குப் பிரசவம் பார்க்கும் பெண்களைப் பழக்க ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு திறந்தார்கள். பிள்ளை பெற்ற தாய்மார்கள் காய்ச்சல் வந்து இறந்தார்கள். 1867-ல் அந்த வார்டை மூடினார்கள். பிளாரன்ஸ் அதோடு விடவில்லை. பல இடங்களில் பிரசவத்தில் இறந்தவர்களின் கணக்கைச் சேர்த்து, 1871-ல் புத்தகமாகவே போட்டார்.

நம் நாட்டுக்கு அவர் வந்ததே இல்லை. ஆனால் இங்கிருந்த பட்டாள முகாம்களுக்கெல்லாம் கேள்வித்தாள் அனுப்பி, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது என்று கேட்டு எழுதினார். நம் பாட்டிமார் தாது வருஷப் பஞ்சம் என்பார்களே, 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சம், அதைப் பற்றியும் எழுதினார். பாசன வசதி வேண்டும் என்றார். வட்டிக்காரரிடம் விவசாயி மாட்டித் தவிப்பதையும் எடுத்துச் சொன்னார். கந்துவட்டியிலிருந்து மீளத்தானே நம்மில் பலர் குழுவில் சேர்ந்தோம்?

இவ்வளவும் அவர் நடமாடிச் செய்த வேலை இல்லை. போர்க்களத்தில் வந்த காய்ச்சல் உடம்பைக் கெடுத்துவிட்டது. பல வருஷம் படுக்கையிலிருந்தே எழுதினார். கடைசிக் காலத்தில் கண் பார்வையும் போனது. 1907-ல் ஆர்டர் ஆஃப் மெரிட் என்ற உயர்ந்த விருதைப் பெற்ற முதல் பெண் ஆனார். 1910 ஆகஸ்ட் 13-ல், 90 வயதில் காலமானார். பெரியவர்களைப் புதைக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் இடம் தருவதாகச் சொன்னார்கள். குடும்பத்தார் வேண்டாம் என்று சொந்த ஊர்ப் பக்கமே அடக்கம் செய்தார்கள். கல்லறையில் முழுப் பெயர் கூட இல்லை, முதலெழுத்துகளும் தேதிகளும்தான். அவர் பிறந்த மே 12-ஐத்தான் உலக செவிலியர் தினமாகக் கொண்டாடுகிறோம்.

நான் எங்க குழுவில் கணக்கு எழுதுகிறேன். போன மழைக்காலத்தில் எங்க தெருவில் வரிசையாகப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. குழுக் கூட்டத்தில் எந்த வீடு, எத்தனை பிள்ளை, எந்தத் தேதி என்று ஒரு தாளில் எழுதினோம். 11 பிள்ளைகள், எல்லாம் ஒரே குழாயில் தண்ணி பிடிக்கிற வீடுகள். சும்மா புகார் சொன்னபோது யாரும் வரவில்லை. அந்தத் தாளைக் கொண்டுபோய் வைத்ததும் ஆள் வந்தார்கள். சாக்கடை ஓரம் உடைந்து கிடந்த பைப்பை மாற்றினார்கள், தொட்டியைக் கழுவி குளோரின் போட்டார்கள்.

அதனால் சகோதரிகளே, நம் குழுக்களில் சேமிப்புக்கும் கடனுக்கும் நோட்டு இருக்கிறது. இனி காய்ச்சல், பிரசவம், தடுப்பூசி, குடிதண்ணி இதற்கும் ஒவ்வொரு குழுவிலும் ஒரு நோட்டு போடுவோம். கிராம சுகாதார செவிலியர் வரும்போது அதை அவர் கையில் கொடுப்போம். வீட்டில் ஒரு பெண் நர்சிங் படிக்கணும் என்று கேட்டால் தடுக்காமல் அனுப்பி வைப்போம்.