முழுப்பேரும் அரைப்பேரும்: எட்கர் கொட்

ஹட்டன் தோட்டமொன்றில் பிறந்த நான், கொழும்பில் பழைய கோபோல் சம்பளப் பதிவுகளைத் தரவுத்தள அட்டவணைகளாக மாற்றுகிறேன். இந்த வேலைக்கு அடித்தளமிட்டவர் எட்கர் கொட்.

1923இல் இங்கிலாந்தின் போர்ட்லண்டில் பிறந்தவர். உலகப் போரில் விமானி. நம் மலையக மக்களின் குடியுரிமை பறிபோன 1948இல் அமெரிக்கா சென்றார், பின்னர் ஐ.பி.எம். நிறுவனத்தில் வேலை. அங்கு மக்கார்த்தியின் கம்யூனிஸ்ட் வேட்டையை வெறுத்து 1953இல் கனடாவுக்குப் போய், சில ஆண்டுகளில் திரும்பினார்.

அவர் 1970இல் எழுதிய கட்டுரையைப் புரிந்துகொள்ள செக்ரோல் போதும். ஒரு பெயருக்கு எதிரே 31 கட்டங்கள். முழுப்பேரா அரைப்பேரா என்று கணக்கப்பிள்ளை குறிப்பார். கோபோல் பதிவும் அப்படித்தான், ஒன்றுக்குள் 31 இடங்கள். குடும்பத் தலைவரின் பதிவுக்குள்ளேயே பிள்ளைகளையும் அடுக்கலாம். ஆனால் தலைவரின் பதிவு அழிந்தால் பிள்ளைகளும் காணாமற்போவார்கள். 1977 கலவரத்துக்குப் பின் வன்னிக்குப் போன எங்கள் சனத்துக்கு இது புதிதல்ல; தாத்தாவின் பத்திரம் தொலைந்தால் பேரனுக்கும் ஆதாரமில்லை.

கொட்டின் முறையில் ஒவ்வொரு ஆளுக்கும் தனி வரி, ஒவ்வொரு நாளுக்கும் தனி வரி. ஒரு பொது எண் அவற்றை இணைக்கும். மற்றவரின் வரிக்குள் யாரும் ஒண்டியிருக்கத் தேவையில்லை.

பழைய ஐ.எம்.எஸ். வியாபாரத்தை விட மனமில்லாமல் ஐ.பி.எம். இழுத்தடிக்க, 1979இல் ஒராக்கிள் முந்திக்கொண்டது. கொட்டுக்கு 1981இல் டூரிங் விருது கிடைத்தது. 2003 ஏப்ரல் 18இல் புளோரிடாவில் காலமானார்.